கூண்டில் நின்ற பாரிஸ்டர்

வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கோர்ட்டு வாசல் முற்றிலும் அந்நியமானதல்ல. கொடுக்கல் வாங்கலில் தகராறு வரும். லைசென்சு, சுங்கம், விலைச் சீட்டு, வேலையாட்களின் பெர்மிட்டு என்று ஏதேனும் ஒன்றில் பிசகு நேர்ந்து சம்மனும் வரும். சிவில் வழக்கென்றால் வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கடையைப் பார்த்துக்கொள்ளலாம். குற்ற வழக்கு அப்படியன்று. குற்றச்சாட்டை வாசித்துக் காட்டியபின் மாஜிஸ்திரேட் ஒரு கேள்வி கேட்பார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, விசாரணை கோருகிறீரா என்பதே அந்தக் கேள்வி. கோர்ட்டில் மற்றவர்கள் எத்தனையோ பேசலாம். அந்தப் பதில் மட்டும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே சொந்தமானது.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளில் பலமுறை பதில் சொன்னவர் காந்தியடிகள். அவர் சட்டம் படித்த பாரிஸ்டர். தப்பிக்கும் வழிகளெல்லாம் தெரிந்தவர். மகாத்மாவின் சரித்திரத்தைப் பலரும் பலவிதமாக எழுதிவிட்டார்கள். நாம் இங்கே அந்த ஒரு கேள்வியைக் கைவிளக்காக வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் பார்க்கலாம். நம்மைப் போன்ற வர்த்தகர்கள் அந்தச் சரித்திரத்தில் நெடுகிலும் வருகிறார்கள் என்பதும் நமக்கு ஒரு காரணம்.

வாய் திறக்காத வக்கீல்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். 1888ல் லண்டன் சென்று சட்டம் பயின்று, 1891 ஜூனில் பாரிஸ்டரானார். பம்பாய்க்குத் திரும்பி, சிறு வழக்குகள் கோர்ட்டில் 30 ரூபாய்க் கட்டணத்தில் தம் முதல் வழக்கை எடுத்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நா எழவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

வக்கீல் தொழிலில் நிலை காணாத அந்த இளைஞருக்கு வழி திறந்துவிட்டவர் ஒரு முஸ்லிம் வர்த்தகர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் பெரிய வாணிபம் நடத்திய தாதா அப்துல்லா சேட்டின் கம்பெனி ஒரு வழக்குக்கு உதவியாக அவரை அழைத்தது. 1893ல் காந்தி டர்பனில் இறங்கினார். பிரிட்டோரியாவிலிருந்த தயப் சேட் என்ற உறவினர்மீது 40,000 பவுன் கேட்டுத் தொடுத்த சிவில் வழக்கு அது. கணக்குகளை முழுக்கப் படித்த காந்தி, தம் கட்சிக்காரர் பக்கம் நியாயம் வலுவாக இருப்பதைக் கண்டார். ஆனால் வழக்கு நீண்டால் இரு வீடுகளும் அழியும் என்பதையும் கண்டார். இரு தரப்பையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். தாதா அப்துல்லாவுக்கு 37,000 பவுனும் செலவும் தீர்ப்பாயிற்று. அதை ஒரே தவணையில் கட்டினால் தயப் சேட் திவாலாகிவிடுவார். ஆகவே நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ள அப்துல்லா சேட்டை அரும்பாடுபட்டுச் சம்மதிக்க வைத்தார். வக்கீலின் உண்மையான வேலை பிரிந்தவர்களைச் சேர்ப்பதே என்று அப்போதுதான் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

ருஸ்தம்ஜியின் சுங்க வழக்கு

இனி வருவது குற்ற வழக்காக வேண்டியது. டர்பனில் பார்சி ருஸ்தம்ஜி என்ற பெரிய வர்த்தகர் இருந்தார். காந்தியின் கட்சிக்காரர், நண்பர், பொதுப்பணியில் துணைவர். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சரக்கு வருவித்தவர். சுங்க அதிகாரிகளோடு நல்ல பழக்கம். அவர்களும் அவர் பட்டியலை நம்பி விட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் அவ்வப்போது தீர்வை கட்டாமல் சரக்கை இறக்கிவந்தார். ஒரு நாள் அது வெளிப்பட்டுவிட்டது. சிறைக்குப் போகவேண்டிய நிலை. கண்ணீரோடு காந்தியிடம் ஓடிவந்தார்.

எல்லா விஷயங்களையும் காந்தியிடம் சொல்லிவந்தவர் இதை மட்டும் மறைத்திருந்தார். காந்தி அவரை விரட்டவில்லை. வழக்கை உடைக்கும் தந்திரமும் சொல்லித் தரவில்லை. காப்பாற்றுவது ஆண்டவன் கையில் என்றும், குற்றத்தை ஒப்புக்கொள்வது ஒன்றே தம்மால் காட்டக்கூடிய வழி என்றும் சொன்னார். பிடிபட்ட சரக்குக்கு மட்டுமல்ல, பிடிபடாதவற்றுக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். சுங்க அதிகாரியும் அட்டர்னி ஜெனரலும் அபராதத்தோடு விட இசையாவிட்டால் சிறைக்கும் தயாராக இருக்க வேண்டும். வெட்கம் சிறைக்குப் போவதில் இல்லை, குற்றம் செய்ததில்தான் இருக்கிறது என்று எடுத்துரைத்தார். சந்தையில் பெயரெடுத்த வியாபாரிக்கு இது கசப்பான மருந்து. ருஸ்தம்ஜி அதை விழுங்கினார்.

காந்தி சுங்க அதிகாரியையும் அட்டர்னி ஜெனரலையும் சந்தித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வழக்கு கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ந்தது. கடத்தியதாக ஒப்புக்கொண்ட தொகையைப் போல் இரு மடங்கு தண்டமாகக் கட்டும்படி ஆயிற்று. ருஸ்தம்ஜி நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் ஆபீஸிலேயே மாட்டிவைத்தார். தம் வாரிசுகளும் சக வியாபாரிகளும் பார்த்துப் பாடம் கற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று நாம் கம்பவுண்டு என்று சொல்கிறோமே, சட்டம் இடங்கொடுக்கும் குற்றங்களில் தொகை கட்டிக் கோர்ட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்வது, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தாமே கூண்டில்

1906ல் டிரான்ஸ்வால் சர்க்கார் இந்தியர்கள் எல்லோரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11ந் தேதி ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடினார்கள். அந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று ஆண்டவனைச் சாட்சி வைத்து உறுதி எடுக்க வேண்டும் என்று அக்கூட்டத்தில் வற்புறுத்தியவர் ஹாஜி ஹபீப் என்ற வர்த்தகர். அந்த யோசனையின் பாரத்தை உணர்ந்து, அதன் விளைவுகளைச் சபைக்கு விளக்கியவர் காந்தி.

1908 ஜனவரி 10ந் தேதி, சீட்டு எடுக்காமலும் நாட்டைவிட்டு வெளியேறாமலும் இருந்த குற்றத்துக்காகக் காந்தி ஜோகன்னஸ்பர்க் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். எந்தக் கோர்ட்டில் பல தடவை வக்கீலாக நின்று வாதாடினாரோ, அதே கோர்ட்டில் அன்று கூண்டில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரிட்டோரியாவில் தம் தோழர்களுக்குக் கடுங்காவலும் பெரும் அபராதமும் விதிக்கப்பட்டிருந்தபடியால், தமக்கு அதைவிடக் கடுமையான தண்டனை வேண்டும் என்று கேட்டார். மாஜிஸ்திரேட் 2 மாத வெறுங்காவல் விதித்தார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால், சட்டம் விலக்கிய காரியத்தைச் செய்தேன் என்று சொல்வது. செய்ததற்கு வெட்கப்படுகிறேன் என்பது அதில் அடங்கவில்லை. ருஸ்தம்ஜி ஒப்புக்கொண்டபோது தலை குனிந்தார். காந்தி ஒப்புக்கொண்டபோது தலை நிமிர்ந்து நின்றார். சொல் ஒன்றுதான்; அதன் பின்னால் இருந்த செயல் வேறு.

சர்க்காரோடு ஏற்பட்ட உடன்பாடு நிலைக்கவில்லை. 1908 ஆகஸ்டு 16ந் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் கொளுத்தப்பட்டன. மறுபடியும் கைதுகள். அக்டோபரில் காந்திக்கு 25 பவுன் அபராதம், இல்லையேல் 2 மாதக் கடுங்காவல். அபராதமா சிறையா என்பதும் கோர்ட்டு குற்றவாளிக்கு விடும் ஒரு தேர்வுதான். அவர் சிறையைத் தேர்ந்தெடுத்தார்.

இந்தத் தேர்வுக்கு வியாபாரிகள் கொடுத்த விலை பெரிது. அகமது முகமது காச்சலியா சேட் அப்போது இந்தியர் சங்கத்தின் தலைவர். சிறை செல்லத் துணிந்த அவரிடம் வெள்ளைக்காரக் கடன்காரர்கள் பணத்தை உடனே கட்டு, அல்லது இயக்கத்தை விட்டு விலகு என்று நெருக்கினார்கள். அவர் விலகவில்லை. அவரைத் திவாலாக்கினார்கள். ஆனால் அவர் சொத்தும் சரக்கும் கணக்கில் சரியாக இருந்தபடியால், கடன் கொடுத்தவர்களுக்குப் பவுனுக்கு 20 ஷில்லிங் வீதம் முழுத் தொகையும் கிடைத்தது. கடை போயிற்று; நாணயம் போகவில்லை.

1913 நவம்பரில் 3 பவுன் தலைவரியை எதிர்த்து நெட்டால் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய பெரும் பயணத்தில், தமிழர்கள் ஆணும் பெண்ணுமாக நடந்தார்கள். டண்டி கோர்ட்டில் காந்தி ஒப்புக்கொண்டார்; 60 பவுன் அபராதம் அல்லது 9 மாதக் கடுங்காவல். மூன்று நாள் கழித்து வோல்க்ஸ்ரஸ்ட் கோர்ட்டில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஒப்புக்கொண்டது மட்டும் அங்கே போதாது, சாட்சியமும் வேண்டும் என்றாயிற்று. சர்க்கார் தரப்பிடமோ சாட்சிகள் இல்லை. காந்தியே தமக்கு எதிரான சாட்சிகளைத் தேடிக் கொடுத்தார். அவரும் அவருடைய நண்பர்கள் காலன்பாக், போலக் இருவரும் ஒருவருக்கெதிராக ஒருவர் சாட்சி சொல்லி மூவருமே சிறை சென்றார்கள். மறு ஆண்டு அந்தத் தலைவரி ஒழிந்தது.

சம்பாரணும் அகமதாபாத்தும்

இந்தியா திரும்பிய காந்தி 1917 ஏப்ரலில் பீகாரின் சம்பாரண் ஜில்லாவுக்குச் சென்றார். அவுரித் தோட்ட முதலாளிகளிடம் அவதிப்பட்ட குடியானவர்களின் குறைகளை விசாரிப்பது அவர் நோக்கம். ஜில்லாவை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது, மறுத்தார். ஏப்ரல் 18ந் தேதி மோதிஹாரி கோர்ட்டில் வழக்கு. சர்க்கார் வக்கீல் நீண்ட விசாரணையை எதிர்பார்த்து வந்திருந்தார். அன்றே முடிக்க மனமில்லாமல் வாய்தாவும் கேட்டார். காந்தி குறுக்கிட்டு, வாய்தாவே வேண்டாம், உத்தரவை மீறியது மெய்தான் என்று ஒப்புக்கொண்டு, ஏன் மீறினேன் என்று ஒரு அறிக்கையை வாசித்தார். மேலானதென்று தாம் கருதும் மனச்சாட்சியின் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததாகச் சொன்னார்.

மாஜிஸ்திரேட்டுக்குத் தீர்ப்பு எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவரோ தீர்ப்பை ஒத்திவைத்தார். ஜாமீன் கேட்டார், காந்தி கொடுக்கவில்லை. ஜாமீனில்லாமலே வெளியே விட்டார். சில நாளில் மாகாண சர்க்கார் வழக்கையே வாபஸ் வாங்கியது. குடியானவர்களைக் கட்டாயமாக அவுரி பயிரிட வைத்த முறை 1918ல் சட்டத்தால் நீங்கியது. ஒளித்துவைக்க ஒன்றுமில்லாத மனிதரை என்ன செய்வது என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லை.

ஐந்து ஆண்டு கழித்து அகமதாபாத்தில் நடந்தது வேறு விதம். தம் பத்திரிகையில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக ராஜத்துவேஷக் குற்றம் சாட்டி, 1922 மார்ச்சு 10ந் தேதி காந்தியைக் கைது செய்தார்கள். அச்சிட்டு வெளியிட்ட சங்கர்லால் பாங்கரும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டார். 18ந் தேதி ஜில்லா ஜட்ஜ் புரூம்பீல்டு முன் விசாரணை. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அத்துடன் முடியவில்லை. அக்காலக் குற்ற விசாரணைச் சட்டப்படி, ஒப்புக்கொண்டவரை உடனே தண்டிக்கலாம் என்றிருந்ததே தவிர, தண்டித்தே ஆகவேண்டும் என்றில்லை. அட்வகேட் ஜெனரல் ஸ்டிராங்மன் முழு விசாரணை நடத்த வேண்டும் என்று கேட்டார். ஜட்ஜ் இணங்கவில்லை, ஒப்புதலை ஏற்றுக்கொண்டு, தண்டனை எவ்வளவு என்பதை மட்டுமே தீர்மானிப்பதாகச் சொன்னார். இந்தக் கட்டத்தில் குற்றவாளி இரக்கம் கோருவது உலக வழக்கம். காந்தி நேர்மாறாகச் செய்தார். சௌரி சௌராவிலும் பம்பாயிலும் சென்னையிலும் நடந்த கலவரங்களுக்கும் பொறுப்பேற்றார். சட்டத்தில் உள்ள கடுந்தண்டனையைக் கேட்டார். ஜட்ஜ் மிகுந்த மரியாதையோடு 6 ஆண்டு வெறுங்காவல் விதித்தார். சர்க்கார் அதைக் குறைத்து முன்னதாக விடுவித்தால் தம்மைவிட மகிழ்பவர் இருக்கமாட்டார் என்றும் தெரிவித்தார். பாங்கருக்கு 1 ஆண்டுச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும். குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் 1924 பிப்ரவரியில் காந்தி விடுதலையானார்.

விசாரணை கோரிய பெரியவர்கள்

இதைப் படித்துவிட்டு, ஒப்புக்கொள்வதே உத்தமம், விசாரணை கோருவது பொய் சொல்வதற்குச் சமம் என்று நம்மவர் யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே ராஜத்துவேஷக் குற்றத்துக்கு 1908ல் பம்பாய் ஹைகோர்ட்டில் நின்ற பாலகங்காதர திலகர் விசாரணை கோரினார். தாம் எழுதியது குற்றமல்ல என்பதே அவர் கட்சி. ஆகவே ஒப்புக்கொள்வதுதான் அவருக்குப் பொய்யாக இருந்திருக்கும். ஜூரிகளில் 7 பேர் எதிராகவும் 2 பேர் சாதகமாகவும் இருக்க, 6 ஆண்டு நாடு கடத்தப்பட்டார். 1916ல் அவர்மீது வந்த மற்றொரு நடவடிக்கையில் ஜின்னா வக்கீலாக நின்றார். கீழ்க்கோர்ட்டு உத்தரவை ஹைகோர்ட்டு தள்ளியது. சுதேசிக் கப்பல் ஓட்டிய தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளையும் 1908ல் வழக்காடியே தண்டனை பெற்றார். அப்பீலில் சென்னை ஹைகோர்ட்டு அந்தக் கொடுந்தண்டனையை வெகுவாகக் குறைத்தது.

விசாரணை கோருவதென்றால், குற்றத்தைச் சாட்சியத்தோடு நிரூபிக்கும் கடமை சர்க்காருடையது, அதைச் செய்யட்டும் என்று கேட்பதே. அது ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை. அந்த உரிமை எவ்வளவு பெரிது என்பதற்கும் காந்தியின் வாழ்க்கையே சாட்சி. 1930, 1932, 1942 ஆகிய ஆண்டுகளில் அவரை விசாரணையின்றியே சிறை வைத்தார்கள். ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்க அங்கே மாஜிஸ்திரேட்டே இல்லை. 1948 ஜனவரி 30ந் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நமக்கு வேண்டியது

இந்நாட்டுக் கோர்ட்டுகளின் குற்ற விசாரணை முறைக்கு அந்த இந்தியச் சட்டமே முன்மாதிரி. ஆகவே காந்தியிடம் கேட்ட கேள்வியைத்தான் நம்மிடமும் கேட்கிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு.

குற்றச்சாட்டு நமக்குப் புரிகிற மொழியில் விளக்கப்பட வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதில் சொல்லாமல் மௌனமாக நின்றால், விசாரணை கோரியதாகவே வைத்து வழக்கு நடக்கும். அதே குற்றத்துக்கு முன்பே விசாரிக்கப்பட்டு விடுதலையோ தண்டனையோ பெற்றிருந்தால், அதையே பதிலாகச் சொல்லலாம். ஒப்புக்கொள்வதானால் நிபந்தனை இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அறிந்து செய்தால்தான் குற்றம் என்றிருக்கும் வழக்கில், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால், கோர்ட்டு அதை ஒப்புதலாக ஏற்பதில்லை.

ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையில் சலுகை காட்டுவது வழக்கம். சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள வழிகாட்டு முறையின்படி, ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்பவருக்கு 30 விழுக்காடு வரை குறைக்க இடமுண்டு. மலேசியாவில் 2010ல் செய்த சட்டத் திருத்தம் சர்க்கார் தரப்போடு முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க வழி வகுத்தது. ஆனால் ஒப்புக்கொண்டபின் பொதுவாகத் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரிதானா என்பதையும் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். குற்றமே செய்யவில்லை என்று பிறகு திரும்புவது மிகக் கடினம். குற்றப் பதிவு பெயரோடு நின்றுவிடும். லைசென்சு புதுப்பிக்கும்போது அது எதிரே வரலாம்.

அப்படியிருந்தும் நம்மவர்களில் சிலர், கடை மூடிக் கிடக்கிறது, வாய்தாவுக்கு அலைய முடியாது, அபராதத்தைக் கட்டித் தொலைப்போம் என்று செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். வேறு சிலர் செய்தது கையும் களவுமாகத் தெரிந்தும் பொய்ச் சாட்சி தேடி அலைகிறார்கள். இரண்டும் நஷ்டமே. கேள்வியைக் கோர்ட்டு கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். செய்தோமா? சட்டம் சொல்லும் குற்றம் அதுதானா? இதற்கு நேர்மையாகப் பதில் தெரிந்தபின், நல்ல வக்கீலிடம் ருஸ்தம்ஜியைப் போல் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லி யோசனை கேட்க வேண்டும். அதன்பிறகு ஒப்புக்கொண்டாலும் சரி, விசாரணை கோரினாலும் சரி, அந்தப் பதில் நம்முடைய பதிலாக இருக்கும்.